வளைகுடாவில் கப்பல் கேபின் 31 டிகிரி: கேஸ் ஏற்றும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

உப்புக்காற்று:
குவைத் வெளி நங்கூரத்தில் நிற்கும் பல்க் கேரியர், ஆட்கள் 22 பேர். பகல் 2 மணிக்கு வெளியே 41°செ, ஈரப்பதம் 55%, கடல் நீர் 34°. ஏ.சி. பிளான்ட்டில் கேஸ் (குளிர்பதன வாயு) ஆர்-404ஏ. கம்ப்ரசர் இரண்டு, தலா 60% திறன். இரண்டும் நிற்காமல் ஓடுகின்றன. ஏ.எச்.யு. (காற்றைக் குளிர்வித்துக் கேபின்களுக்குத் தள்ளும் பெட்டி) ஒன்றுதான். பெயர்ப்பலகையில் மணிக்கு 9,000 கன மீட்டர், 110 கிலோவாட் என்று இருக்கிறது.

ஏ டெக்கில் 27–28°, பரவாயில்லை. சி, டி டெக் கேபின்களில் 30–31°, ஈரப்பதம் 70-க்கு மேல். தலையணை எல்லாம் பிசுபிசுக்கிறது, யாருக்கும் தூக்கம் இல்லை. சக்‌ஷன் 5.2 பார் (கம்ப்ரசருக்குள் வரும் கேஸின் அழுத்தம்), டிஸ்சார்ஜ் 20.5 பார் (வெளியே போகும் கேஸின் அழுத்தம்). சைட் கிளாஸ் (குழாயில் ஓடும் திரவத்தைப் பார்க்கும் கண்ணாடி) தெளிவாக இருக்கிறது, குமிழி இல்லை. கேஸ் குறைவாக இருக்கும், ஒரு சிலிண்டர் ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். ஏற்றலாமா?

ரீஃபர்கை:
ஏற்ற வேண்டாம். கேஸ் குறைந்தால் சைட் கிளாஸில் குமிழி ஓடும், டிஸ்சார்ஜும் கீழே வரும். உங்களுக்கு இரண்டும் இல்லை. இந்த நிலையில் கேஸ் ஏற்றினால் உபரி திரவம் கண்டென்சரின் (கடல் நீரால் கேஸைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பாகம்) கீழ் வரிசைக் குழாய்களை மூடிவிடும், டிஸ்சார்ஜ் இன்னும் ஏறி ஹை பிரஷரில் ட்ரிப் ஆகும் (தானாக நின்றுவிடும்).

பார் கணக்கை டிகிரியாக (அந்த அழுத்தத்தில் கேஸ் ஆவியாகும் அல்லது திரவமாகும் வெப்பநிலை) மாற்றிப் படியுங்கள், அப்போதுதான் பிளான்ட் சொல்வது புரியும். ஆர்-404ஏ-வுக்கு 20.5 பார் கேஜ் என்றால் சுமார் 47°. 5.2 பார் என்றால் சுமார் 1°. வெளியே இப்படிக் கொதிக்கும்போது, காற்று சரியாக ஓடும் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்த்தொகுதி) சக்‌ஷன் 4–5° அளவில் நிற்க வேண்டும். 1°-க்கு இறங்கியிருப்பதால் காயில் மேல் போதுமான காற்று போகவில்லை என்று சந்தேகிக்கிறேன். 47° கண்டென்சர் பக்கத்துக் கோளாறு. ஆக இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

இவற்றை அளந்து போடுங்கள்: கண்டென்சரில் கடல் நீர் உள்ளே, வெளியே, ரிட்டர்ன் காற்று (கேபின்களிலிருந்து திரும்பி வருவது), காயிலுக்கு முன் வெளிக்காற்றோடு கலந்த காற்று (நாலைந்து இடத்தில் எடுத்து சராசரி), காயிலுக்குப் பின் காற்று, டேக்கோமீட்டரில் ஃபேன் சுற்று, ஃபேன் மோட்டார் ஆம்பியர். எல்லாம் ஒரே மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

உப்புக்காற்று:
அளந்துவிட்டேன் சார்.
கடல் நீர் 34 உள்ளே, 37 வெளியே.
ரிட்டர்ன் 30°, கலந்த காற்று 36.6°, காயிலுக்குப் பின் 16°.
ஃபேன் 1,490 சுற்று. வரைபடத்தில் 1,855 என்று இருக்கிறது. மோட்டார் ஆம்பியர் பெயர்ப்பலகையில் உள்ளதில் பாதிதான்.
மோட்டார் புல்லி 170 மி.மீ., ஃபேன் புல்லி 200 மி.மீ. நான்கு பெல்ட்டில் ஒன்று இல்லை. ஃபில்டர் கழுவி ஒரு மாதம் இருக்கும்.

ரீஃபர்கை:
புல்லியைப் பார்த்தது நல்லது. மோட்டார் 1,750 சுற்று, ஃபேன் புல்லி 200 என்றால் 1,855 சுற்று வர மோட்டார் புல்லி 212 இருக்க வேண்டும். யாரோ 170 போட்டிருக்கிறார்கள். சுற்று 80 சதவீதமாகிவிட்டது. காற்றளவும் அதே 80 சதவீதம். ஆனால் அழுத்தம் சுற்றின் வர்க்கத்தில் குறையும், அதாவது 64 சதவீதம்தான் இருக்கும். ஏ.எச்.யு.-வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ டெக் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கடைக்கோடியில் இருக்கும் டி டெக்குக்குத் தள்ளுவதற்கு அழுத்தம் மிச்சமில்லை.

ஃபேன் எடுக்கும் சக்தி சுற்றின் கனத்தில் மாறும். 0.8-ன் கனம் 0.51. நீங்கள் பார்த்த பாதி ஆம்பியருக்கு அதுதான் காரணம். 212 புல்லி போட்டதும் ஆம்பியர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், கிளாம்ப் மீட்டரோடு பக்கத்திலேயே நின்று பாருங்கள். மோட்டார் ஓவர்லோடில் ட்ரிப் ஆனதால்தான் அன்று புல்லியைச் சிறிதாக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். அதனால் முதலில் மோட்டார், ஃபேன் பேரிங் இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்து, கிரீஸ் நிலை சரியா என்று பாருங்கள். பெல்ட் நான்கையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். பழையதோடு புதியது சேர்த்தால் புதியதுதான் மொத்தச் சுமையையும் இழுத்து அறுந்துபோகும். இரண்டு புல்லிக்கும் நடுவே ஒரு மீட்டர் தூரத்துக்கு 16 மி.மீ. தொய்வு என்பது பொது அளவு, 60 செ.மீ. என்றால் 10 மி.மீ. 24 மணி நேரம் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

இனி வெளிக்காற்று. பின்னம் எடுக்க எளிய வழி: கலந்த காற்றிலிருந்து ரிட்டர்னைக் கழித்து, அதை வெளிக்காற்றிலிருந்து ரிட்டர்னைக் கழித்ததால் வகுங்கள். 36.6 − 30 = 6.6. 41 − 30 = 11. வகுத்தால் 60%. நீங்கள் இழுக்கும் காற்றில் அறுபது சதவீதம் வெளிக்காற்று. ஐ.எஸ்.ஓ. 7547-ல் (கப்பல் ஏ.சி. வடிவமைப்புக்கான சர்வதேச தரநிலை) குறைந்தபட்சம் 40% என்று இருக்கிறது. அந்தக் கணக்கே வெளியே 35°, 70% ஈரப்பதத்துக்குத்தான். ஆகஸ்ட் மாத வளைகுடா அதைத் தாண்டியது.

மணிக்கு 1,000 கன மீட்டர் வெளிக்காற்றை 41°/55%-லிருந்து 27°/50%-க்குக் கொண்டுவர சுமார் 17.5 கிலோவாட் வேண்டும், அதாவது 5 டன் குளிர்ச்சி. அந்த 17.5-ல் வெப்பத்தைக் குறைக்க நாலரைதான் போகிறது. மீதி 13 கிலோவாட் காற்றில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கச் செலவாகிறது. இப்போது நீங்கள் 9,000-ல் 80 சதவீதம், அதில் 60 சதவீதம் என மணிக்கு 4,300 கன மீட்டர் அளவில் இழுக்கிறீர்கள், அதற்கு மட்டும் 75 கிலோவாட். 110-ல் 75 போனால் கேபினுக்கு என்ன மிஞ்சும்? வளைகுடாவில் ஏ.சி. பிளான்ட்டின் பெரும் வேலை ஈரத்தைப் பிழிவதுதான். அதனால் கேஸ் சிலிண்டரைத் தொடுவதற்கு முன் டாம்பரை (வெளிக்காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடு) தொடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன்.

பழையசெகண்ட்:
கண்டென்சர் பக்கத்த நான் சொல்றேன். தண்ணி வெளிய வர்றது 37, கேஸ் 47. நடுவுல 10 டிகிரி. சுத்தமான கண்டென்சர்ல இது 3-லிருந்து 5 இருக்கும், 8 தாண்டினாலே திறந்துடணும். தண்ணி 3 டிகிரிதான் ஏறுது, அதனால ஓட்டம் குறைவில்ல. ஓட்டம் குறைஞ்சிருந்தா 8, 10-னு ஏறியிருக்கும், அப்ப ஸ்ட்ரெய்னர் (தண்ணி வடிகட்டி), பம்ப், வாட்டர் பாக்ஸ்ல காத்து அடைப்பு இதையெல்லாம் பாக்கணும். தண்ணி நல்லா ஓடியும் பிரஷர் ஏறினா மூணே காரணம்தான்: குழாய்க்குள்ள படிவு, கேஸ்ல காத்து கலந்திருக்கு, இல்லன்னா கவர் உள்ள இருக்கற தடுப்பு கேஸ்கெட் போயிருக்கு.

காத்து இருக்கான்னு முதல்ல பாருங்க, ஏன்னா அதுக்கு ஒண்ணும் கழட்ட வேண்டாம். ஒரு கம்ப்ரசர நிறுத்தி, கடல் தண்ணிய மட்டும் அரை மணி நேரம் ஓட விடுங்க. உள்ள வெளிய ரெண்டும் 34 ஆனதும் கேஜ் 14.7-ஐ ஒட்டி நிக்கணும். அரை பாருக்கு மேல கூட இருந்தா காத்து. ரெக்கவரி பாட்டில்ல மேல் வால்வு வழியா எடுங்க, வெளிய விடாதீங்க.

அது சரியா இருந்தா கண்டென்சர திறக்கறதுதான். ஒண்ண மட்டும் திறங்க, இன்னொரு கம்ப்ரசர் ஓடட்டும். காலை 4 மணிக்கு ஆரம்பிச்சா வெயிலுக்கு முன்ன முடிஞ்சிடும். நைலான் பிரஷ் மட்டும் போடுங்க தம்பி. குப்ரோ நிக்கல் குழாய்ல கம்பி பிரஷ் விட்டா உள் படலம் உரிஞ்சு, அடுத்த வருஷம் குழாய் ஓட்டையாகும். ஒவ்வொரு குழாயும் ரெண்டு தடவ, நடுவுல நல்ல தண்ணி அடிங்க. பாதிக்கு மேல கரைஞ்ச ஆனோட்ட (குழாய்க்குப் பதிலா அரிச்சுப் போற உலோகக் கட்டி) மாத்துங்க. பிரஷ்ல போகாத கல்லு மாதிரி படிவு இருந்தா மட்டும் இன்ஹிபிட்டர் (உலோகம் அரிக்காம தடுக்கற மருந்து) கலந்த சல்ஃபாமிக் ஆசிட் சுத்த விடலாம். அதுக்கு முன்ன ஆனோட்ட கழட்டிடணும், காத்தோட்டம் வேணும்.

மூடும்போதுதான் முக்கால்வாசிப் பேர் தப்பு பண்றாங்க. கவர் உள்ள குறுக்கே ஒரு விலா மாதிரி தடுப்பு இருக்கும், தண்ணிய ஒரு பாதையிலிருந்து அடுத்ததுக்குத் திருப்பறது அதுதான். சுத்தி மட்டும் கேஸ்கெட் வெட்டி, அந்தத் தடுப்புக்கு வெட்டாம விட்டா தண்ணி குழாய்க்குள்ள போகாம நேரா வெளிய ஓடிடும். வெளிய ஒரு சொட்டு கசியாது, அதனால கண்டுபிடிக்கவே முடியாது. கேஸ்கெட்ட முழு உருவத்துக்கு, நடுப் பட்டையோட சேத்து வெட்டுங்க.

உப்புக்காற்று:
ரொம்ப நன்றி அண்ணே. 212 புல்லி ஸ்டோரில் இல்லை, கேட்டு அனுப்பியிருக்கிறோம். காலையில் கண்டென்சரைத் திறக்கிறோம்.

டி_டெக்_கேபின்:
ஒரு சந்தேகம். வெளிக்காற்று இவ்வளவு சுமை என்றால் அந்த டாம்பரை முழுக்க மூடிவிடலாமே? எல்லாக் காற்றையும் உள்ளேயே சுற்றினால் சீக்கிரம் குளிராதா?

ரீஃபர்கை:
மூடினால் இன்னும் புழுங்கும். கழிவறைகள், லாண்டரி, மருத்துவ அறை எல்லாவற்றிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 22 கழிவறைக்கு மணிக்கு 70 கன மீட்டர் வைத்தாலே 1,540. மற்றவை 500–600 சேர்த்தால் 2,000-ஐத் தாண்டும். அந்த அளவு காற்று எப்படியும் உள்ளே வந்தாக வேண்டும். டாம்பர் வழியாக வராவிட்டால் கதவிடுக்கு, கேபிள் துளை, இன்ஜின் கேசிங் கதவு வழியாக வரும். அது காயிலைத் தொடாத 41°, 45° காற்று. நீராவியும் டீசல் வாடையும் சேர்ந்தே வரும்.

ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, டெக்குக்குப் போகும் கதவை விரல் அகலம் திறந்து இடுக்கில் பிடியுங்கள். பேப்பர் வெளிப்பக்கம் சாய வேண்டும். உள்பக்கம் இழுத்தால் அக்காமடேஷன் (ஆட்கள் தங்கும் பகுதி) நெகட்டிவில், அதாவது வெளியைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது. காலி (கப்பல் சமையலறை), மெஸ், இன்ஜின் ரூம் கதவு எல்லாவற்றிலும் பாருங்கள். காலியின் எக்ஸாஸ்டுக்கு அதன் சொந்த சப்ளை ஃபேன் ஓடுகிறதா என்பதும் முக்கியம். சப்ளை நின்று எக்ஸாஸ்ட் மட்டும் ஓடினால், சமையல் நேரம் முழுக்க அது கேபின்களின் குளிர்ந்த காற்றை உறிஞ்சும்.

ஆளுக்கு மணிக்கு சுமார் 29 கன மீட்டர் என்பது ஐ.எஸ்.ஓ.-வின் குறைந்தபட்சம். 22 பேருக்கு 640-தான் வரும், எக்ஸாஸ்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே எவ்வளவு வெளிக்காற்று என்பதைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு அல்ல, எக்ஸாஸ்ட் கணக்கு. உங்களுக்கு 3,000 கன மீட்டர் போதும். 9,000-ல் மூன்றில் ஒரு பங்கு. 40%-ஐ விடக் குறைவுதான், ஆனால் உச்ச வெயில் நாட்களுக்கு மட்டும் என்றால் இதை ஏற்கலாம் என்பது என் கருத்து. வளைகுடாவை விட்டு வெளியே வந்ததும் பழையபடி திறந்துவிட வேண்டும்.

டாம்பரைச் சரிசெய்யத் தனிக்கருவி வேண்டாம். ரிட்டர்ன் 27-க்கு வந்தபின், வெளியே 41 என்றால் கலந்த காற்று 32°-ஐ ஒட்டி வரும்வரை மூடுங்கள். கைப்பிடி காட்டும் இடத்தை நம்பாதீர்கள். தண்டின் முனையில் வெட்டிய கோடு இருக்கும், அதுதான் உள்ளே தகடு நிற்கும் கோணம். பெரும்பாலும் இணைப்புக் கம்பியின் ஸ்க்ரூ உப்பில் இறுகியோ கழன்றோ போயிருக்கும். கைப்பிடி நகரும், தகடு நகராது.

கேஸ்டாங்கர்:
டாங்கர்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். டெர்மினலில் சரக்கு ஏற்றும்போது வாயு உள்ளே வரும் அபாயம் இருந்தால் ஏ.சி.யை ரீசர்க்குலேஷனில் வைக்கச் சொல்வது சரி. ஆனால் உள் அழுத்தம் நெகட்டிவ் ஆகக் கூடாது என்பதும் அதே விதியின் பாதி. டாம்பரை மூடிவிட்டு எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் ஓடவிட்டால் சரக்கு வாயுவை நாமே உள்ளே இழுக்கிறோம். தேவையில்லாத எக்ஸாஸ்டுகளை நிறுத்துங்கள், டிஷ்யூ சோதனையை அங்கும் செய்யுங்கள். வெளிக்காற்றை இழுக்கும் ஜன்னல் ஏ.சி. இருந்தால் மின்சாரத்தையே துண்டித்துவிட வேண்டும்.

பழையசெகண்ட்:
ஏ.சி. ரூம் கதவ பத்தி யாரும் சொல்லல. நிறைய கப்பல்ல அந்த ரூமே ரிட்டர்ன் காத்து வர்ற வழி. அத கொக்கி போட்டு திறந்து வச்சா ஏ.எச்.யு. பக்கத்துல இருக்கற சூடான காத்தெல்லாம் இழுக்கும். அது தீத்தடுப்பு கதவும்கூட, மூடியேதான் இருக்கணும்.

ரீஃபர்கை:
ஆமாம். அதேபோல கேபின் கதவின் கீழ் இருக்கும் லூவரையும் (காற்று போகும் இடுக்குப் பலகை) பாருங்கள். நடைபாதை வெளிச்சமும் சத்தமும் வருகிறதென்று பலர் அதில் அட்டை ஒட்டிவிடுகிறார்கள். கேபினிலிருந்து காற்று திரும்பிப் போக அந்த ஒரு வழிதான். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி மேலிருந்து வரும் காற்றும் நின்றுவிடும். வெளிச்சம்தான் தொல்லை என்றால் உள்பக்கம் ஒரு சாண் தள்ளி திரை தொங்கவிடலாம்.

ஒவ்வொரு கேபினுக்கும் எவ்வளவு காற்று வருகிறது என்று அளக்க அனிமாமீட்டர் இல்லையென்றால் 100 லிட்டர் குப்பைப் பை போதும். பையைச் சப்பையாக்கி, வாயைக் காற்றுத் துவாரத்தைச் சுற்றிப் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 2 வினாடி என்றால் மணிக்கு 180 கன மீட்டர், 3 வினாடி என்றால் 120, 6 என்றால் 60. 600 வாட் வெப்பச் சுமையுள்ள சாதாரண கேபினுக்கு, அறையைவிட 10° குளிர்ந்த காற்று 180 கன மீட்டர் வேண்டும். எல்லாக் கேபினையும் எழுதி வைத்து, 2 வினாடிக்குக் குறைவாக நிரம்பும் ஏ டெக் கேபின்களை முதலில் கொஞ்சம் அடையுங்கள். கடைசிக் கேபின் தானாகத் தேறும். இதை ஒரே நாளில் முடிக்க முடியாது, இரண்டு மூன்று சுற்று வேண்டும்.

மின்பிரிவு:
எலக்ட்ரிகல் பக்கம் இரண்டு விஷயம்.

ஃபேன் மோட்டாரை ரீவைண்டிங் அல்லது பேரிங் வேலைக்குக் கழற்றி மாட்டினால் சுழலும் திசையைப் பாருங்கள். மையவிலக்கு ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அளவு மட்டும் பாதியைவிடக் குறைந்துவிடும். கையை வைத்துப் பார்த்து "காற்று வருது" என்று விட்டுவிடுவார்கள். உறையில் இருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஸ்ப்ளிட் ஏ.சி. பிளான்ட் சரியில்லை என்றதும் துறைமுகத்தில் வீட்டு ஏ.சி. வாங்கி மாட்டுகிறார்கள். கணக்குப்படி வெளிக்காற்று 1,000 கன மீட்டரின் சுமையே ஒன்றரை டன் ஏ.சி. மூன்றுக்கு மேல் கேட்கிறது. டாம்பரைத் திருத்தினால் அது இலவசமாகக் கிடைக்கும். மாட்டுவதானால் பல்க்ஹெட்டில் (கப்பலின் உள்சுவர்) போடும் துளை தீத்தடுப்புத் தகுதியைக் கெடுக்கும், கிளாஸ் (கப்பல் தரச்சான்று அமைப்பு) ஒப்புதல் இல்லாமல் செய்யாதீர்கள். 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த யூனிட்டை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கம்ப்ரசர் சூடாகும். இப்போது வரும் பல யூனிட்டுகளில் ஆர்-32, அது தீப்பற்றக்கூடியது. ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் யூனிட் இன்னும் மோசம். அறைக் காற்றையே வெளியே தள்ளுவதால், தள்ளிய அளவு சூடான காற்று உள்ளே வந்துவிடும்.

நங்கூரத்தில் டீசல் மிச்சம் பிடிக்க ஒரு ஜெனரேட்டரில் ஓடி, அதற்காக ஒரு கம்ப்ரசரை நிறுத்துவதும் நடக்கிறது. எம்.எல்.சி. 2006 (கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை) வழிகாட்டுதலில், ஆட்கள் கப்பலில் தங்கும் அல்லது வேலை செய்யும் காலமெல்லாம், தேவை இருக்கும்வரை ஏ.சி.க்கு மின்சாரம் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தியா 2015-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. 31 டிகிரியில் புரண்டு படுத்தவனுக்கு ஓய்வு நேரப் பதிவேட்டில் 10 மணி நேரம் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. மாஸ்டரிடம் இதை எழுத்தில் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

உப்புக்காற்று:
நிலவரம் சொல்கிறேன். ஒரு கண்டென்சரில் தடுப்புப் பட்டையில் கேஸ்கெட்டே இல்லை, பழையசெகண்ட் அண்ணன் சொன்னது அப்படியே. இன்னொன்றில் குழாய் முழுக்கச் சேறு. ஆழமில்லாத இடத்தில் கீழ் சீ செஸ்டில் (கடல் நீர் உள்ளே வரும் வாய்) இழுத்துக்கொண்டிருந்தோம், இப்போது மேல் சீ செஸ்டுக்கு மாற்றியாயிற்று. லேத்தில் பழைய புல்லி ஒன்றை 212-க்குக் கடைந்து போட்டோம். மோட்டார் பெயர்ப்பலகை ஆம்பியருக்குள் ஓடுகிறது. ஃபில்டர் கழுவி, டாம்பரை 32°-க்கு வைத்தோம்.

டிஸ்சார்ஜ் 18, சக்‌ஷன் 5.8, காயிலுக்குப் பின் 13°. கேபின்கள் 26–27°, ஈரப்பதம் 55%. டிஷ்யூ வெளியே சாய்கிறது. டி டெக் போர்ட் பக்கக் கடைசிக் கேபின் மட்டும் 29. பை நிரம்ப 5 வினாடி ஆகிறது. அங்கே நடைபாதை சீலிங் பேனலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

ரீஃபர்கை:
சொட்டும் இடத்துக்கு மேலேதான் கோளாறு. அந்தப் பேனலைக் கழற்றுங்கள். டக்ட் (காற்றுக்குழாய்) கிளையின் இணைப்பு கழன்று குளிர்ந்த காற்று சீலிங்குக்குள் கொட்டிக்கொண்டிருக்கும், அல்லது டக்ட் மேல் அலுமினியத் தாள் கிழிந்திருக்கும். தாள் கிழிந்தால் நீராவி உள்ளே புகுந்து ராக்வூல் (வெப்பக்காப்புப் பஞ்சு) நனையும். நனைந்தது இனி காப்பாகாது. அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். மேலே டேப் ஒட்டி மூடினால் உள்ளே டக்ட் துருப்பிடிக்கும். இணைப்பை ஸ்க்ரூவும் அலுமினிய டேப்பும் போட்டு மூடுங்கள், துணி டேப் ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.

அந்தக் கேபினுக்கு நேர் மேலே திறந்த டெக் இருந்தால் அதன் நிறத்தையும் பாருங்கள். அடர் பச்சை, சிவப்பு டெக்கை வெளிர் நிறமாக்கினால் பகலில் சீலிங்குக்கு மேல் கிடக்கும் வெப்பம் நன்றாகக் குறையும். பிரிட்ஜ் ஜன்னலில் மட்டும் கறுப்பு ஃபிலிம் ஒட்டாதீர்கள், சாயம் பூசிய கண்ணாடியை சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை) ஐந்தாம் அத்தியாயம் 22-ஆம் விதி தடுக்கிறது.

உப்புக்காற்று:
இணைப்பு கழன்றுதான் கிடந்தது சார், மாட்டிவிட்டோம், இப்போது பை 2 வினாடியில் நிரம்புகிறது. கடைசியாக ஒன்று: சரியான பின் ஏ.எச்.யு. தட்டில் தண்ணீர் நிறைந்து தரையில் வழிகிறது. முன்பு இவ்வளவு தண்ணீர் வந்ததே இல்லை.

ரீஃபர்கை:
இப்போதுதான் காயில் ஈரத்தை முறையாகப் பிழிகிறது. இந்த வெயிலில் 3,000 கன மீட்டர் வெளிக்காற்றிலிருந்து மணிக்கு 55 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, தண்ணீர் வர வேண்டும். வாளி வைத்து அளந்துகொள்ளுங்கள். வெயில் குறையாமலே இந்த அளவு குறைந்தால் காயில் அல்லது கம்ப்ரசர் பக்கம் ஏதோ கெட்டுவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

வழிவதற்குக் காரணம் யு-ட்ராப் (தட்டிலிருந்து தண்ணீர் வடியும் குழாயின் யு வடிவ வளைவு). உங்கள் ஃபேன் காயிலுக்குப் பின்னால் இருந்து இழுப்பதால் தட்டு இருக்கும் இடம் நெகட்டிவ். 500 பாஸ்கல் என்றால் 50 மி.மீ. தண்ணீர் உயரம். ட்ராப் அதைவிட ஆழம் குறைந்திருந்தால் ஃபேன் ஓடும்வரை தண்ணீர் இறங்காது, நிறுத்தியதும் மொத்தமாக இறங்கும். முன்பு ஃபேன் மெதுவாகச் சுற்றியதால் தாக்குப்பிடித்தது. 100 மி.மீ. ஆழத்துக்கு மாற்றிச் செய்யுங்கள், ஓட்டுவதற்கு முன் ட்ராப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். தட்டில் வழவழப்பான பாசி இருக்கும், அதைச் சுரண்டிக் கழுவி கிருமிநாசினி போட்டுவிட்டுத்தான் ட்ராப்பை மாட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாசியே போய்ப் புது ட்ராப்பையும் அடைக்கும்.